மூடிய ட்ரெய்லரில் பைக்: எதைக் கட்டுகிறோம் என்பதைவிட எதில் கட்டுகிறோம் என்பதுதான் முக்கியம்

வாசகர் கேள்வி:

"அண்ணா, டல்லஸ் பக்கம் ஃபிரிஸ்கோவில் இருக்கிறேன். வேலை மாறி அடுத்த மாதம் குடும்பத்தோடு டென்வர் போகிறோம். என்னிடம் ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650 இருக்கிறது. நண்பர் ஒருவர் தன்னுடைய 6க்கு 12 அடி மூடிய ட்ரெய்லரைத் தருகிறேன் என்கிறார். ஒற்றை ஆக்ஸில், பின்னால் ரேம்ப் கதவு. என் கார் டொயோட்டா ஹைலேண்டர், 5,000 பவுண்டு இழுக்கலாம் என்று கையேட்டில் இருக்கிறது. பைக்கோடு பாத்திரம், கிரைண்டர், புத்தகப் பெட்டிகள், மளிகை எல்லாவற்றையும் அதிலேயே ஏற்றிவிடலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். பைக்கை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி நாலு பக்கமும் நன்றாக இறுக்கிக் கட்டினால் போதுமா? ஊரில் அப்பா தன் புல்லட்டை லாரியில் கயிறு கட்டித்தான் அனுப்பினார், ஒன்றும் ஆகவில்லை. நான்தான் தேவையில்லாமல் பயப்படுகிறேனா?"

பதில்:

தம்பி, பயப்படுவது நல்லதுதான். ஆனால் நீங்கள் பயப்படும் இடம் வேறு, பயப்பட வேண்டிய இடம் வேறு. கடிதம் முழுக்க எப்படிக் கட்டுவது என்றே கேட்டிருக்கிறீர்கள். எதில் கட்டப்போகிறீர்கள், அந்த ட்ரெய்லரின் தரையில் என்ன இருக்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. திறந்த ட்ரெய்லரில் பைக் கொஞ்சம் சாய்ந்தாலும் கண்ணாடியில் தெரிந்துவிடும், நமக்குத் தெரியாவிட்டாலும் பின்னால் வருகிறவர் ஹாரன் அடித்துக் கையைக் காட்டுவார். மூடிய ட்ரெய்லரில் மழை படாது, கல் தெறிக்காது, திருடன் கண்ணும் படாது, அதெல்லாம் சரி. ஆனால் உள்ளே பைக் விழுந்து நூறு மைல் உருண்டாலும் ஓட்டுகிறவருக்கு ஒன்றும் தெரியாது. இந்தத் தொழிலில் நான் பார்த்த மோசமான சேதங்கள் பெரும்பாலும் மூடிய ட்ரெய்லரில்தான். விழுந்ததால் வந்த சேதம் கொஞ்சம், விழுந்தது தெரியாமல் ஓட்டிக்கொண்டே போனதால் வந்த சேதம்தான் அதிகம்.

அப்பாவின் புல்லட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் அது உங்கள் மனதில் உறுத்திக்கொண்டே இருக்கும். ஊர் லாரியில் பைக்கைத் தனியாக நிறுத்துவதில்லை. மற்ற சரக்கோடு நெருக்கி நிறுத்தி, நடுவில் வைக்கோலோ கோணியோ பழைய ட்யூபோ திணித்து, லாரி பாடியோடு சேர்த்துக் கட்டுவார்கள். கயிறு தளர்ந்தாலும் வண்டிக்கு விழ இடம் இருக்காது. அதுவும் லோடுமேன் போடும் முடிச்சு உங்களுக்கும் வராது, எனக்கும் வராது. உங்கள் ட்ரெய்லரில் ஒற்றை பைக், சுற்றிலும் காலி இடம். நைலான் கயிறு பாரம் ஏற ஏற நீளும். ஆகவே கயிறு வேண்டாம், பெல்ட்தான்.

நண்பரின் ட்ரெய்லர் கைக்கு வந்ததும் முதல் வேலை, டார்ச்சை எடுத்துக்கொண்டு அதன் அடியில் படுத்துப் பார்ப்பது. உள்ளே தரையில் டி வடிவ இரும்பு வளையங்கள் இருக்கும், நாலோ ஆறோ. மேலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி பளபளவென்றுதான் இருக்கும், வித்தியாசம் அடியில்தான் தெரியும். போல்ட் பிளைவுட்டைத் துளைத்துக் கீழே இறங்கி, அங்கே ஒரு கனத்த இரும்புத் தகட்டில் நட்டுப் போட்டு முறுக்கியிருந்தால் நல்லது. குறுக்கே ஓடும் இரும்புச் சட்டத்திலேயே போல்ட் இறங்கியிருந்தால் இன்னும் நல்லது. கீழே ஒன்றுமே தெரியவில்லை, அல்லது ஸ்க்ரூவின் கூர்முனை மட்டும் முக்கால் அங்குலப் பலகையைத் தாண்டி எட்டிப் பார்க்கிறது என்றால், அந்த வளையத்தில் குழந்தையின் சைக்கிளைக் கட்டலாம், இன்டர்செப்டரைக் கட்டக்கூடாது. மரத்தில் இறங்கிய ஸ்க்ரூவை ஒரு முறை இழுத்தால் தாங்கிவிடும். சாலை ஒரு முறை இழுப்பதோடு விடாது. ஒவ்வொரு பள்ளத்திலும் பைக் ஏறி இறங்கும்போது சுண்டிச் சுண்டி இழுக்கும், துளை கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகும். பழைய ட்ரெய்லர், மழைத்தண்ணீர் இறங்கி ஊறிய பலகை என்றால் கேட்கவே வேண்டாம்.

ஒரு வாடிக்கையாளர் தன் வண்டியைத் தானே ஏற்றிக்கொண்டு வந்து, ரேம்ப் கதவு திறக்க மாட்டேன் என்கிறது என்று கூப்பிட்டார். கதவுக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் கதவில் சாய்ந்தபடி பைக். பக்கவாட்டுக் கதவு வழியாக உள்ளே போய்ப் பார்த்தால் பெல்ட்டில் ஒரு நூல்கூட அறுந்திருக்கவில்லை, கொக்கியும் கழலவில்லை. பெல்ட் முனையில் அந்த டி வளையம், ஸ்க்ரூக்களோடும் கையகலப் பிளைவுட் துண்டோடும் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் வாங்கிய பெல்ட் நல்ல விலையுயர்ந்த பெல்ட். ட்ரெய்லர் எங்கே நின்றாலும் ரேம்ப் கதவைத் திறக்கும்போது நேரே நிற்காமல் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்று, முதலில் ஒரு சாண் மட்டும் திறந்து பார்க்கச் சொல்வது இதனால்தான்.

வளையங்கள் சரியில்லை என்றால் நண்பரிடம் கேட்டுவிட்டு மாற்றுங்கள், மாற்ற ஒரு மதியம் போதும். நாலு நல்ல டி வளையம், கனமான போல்ட், அடியில் வைக்கக் கையகல இரும்புத் தகடுகள், துளைக்குள் தண்ணீர் இறங்காமல் இருக்கக் கொஞ்சம் சீலன்ட். முன்னால் இரண்டும் முன் சக்கரத்துக்குச் சற்று முன்பாகவும், ஹேண்டில்பாரைவிட நன்றாக அகன்றும் இருக்க வேண்டும். பின்னால் இரண்டும் பின் சக்கரத்துக்குப் பின்னால். நண்பர் துளை போட விடமாட்டேன் என்றால் அந்த ட்ரெய்லர் வேண்டாம், நட்பும் கெடாது, வண்டியும் கெடாது.

அடுத்து சென்டர் ஸ்டாண்டு. அதில் நிறுத்திக் கட்டவே கட்டாதீர்கள். வீட்டு வாசலில் அது வசதிதான், ஆனால் வண்டியின் பாரம் மொத்தமும் ஸ்டாண்டின் இரண்டு சிறிய கால்களிலும் ஒரு சக்கரத்திலும் போய் நிற்கிறது. பெல்ட்டை இறுக்க இறுக்க அந்தக் கால்கள் பிளைவுட்டில் அமுங்கும். அதோடு, சென்டர் ஸ்டாண்டை எடுக்க வண்டியை முன்னால் தள்ளுவோம் இல்லையா, நீங்கள் சடன் பிரேக் போட்டால் ட்ரெய்லருக்குள் நடப்பதும் அதுவேதான். சைடு ஸ்டாண்டில் சாய்த்துக் கட்டுவதும் இதே கதை, அந்த ஒற்றைக் காலையும் அது மாட்டியிருக்கும் ஃபிரேமையும் தேவையில்லாமல் வதைக்கும். இரண்டு சக்கரமும் தரையில், வண்டி நேராக, ஸ்டாண்டுகள் இரண்டும் மடங்கிய நிலையில். அப்படித்தான் பைக் பயணம் போக வேண்டும்.

நேராக நிற்க வைக்க முன் சக்கரத்துக்கு ஒரு வீல் சாக் வாங்குங்கள். சக்கரத்தை உள்ளே தள்ளியதும் பின்பக்கத் தட்டு எழும்பிக் கவ்விக்கொள்ளும் ரகம் நல்லது. பெல்ட் போடும்வரை வண்டி தானாக நிற்கும், தனி ஆளாகவே கட்டிவிடலாம். உங்கள் வண்டிக்கு 18 அங்குல முன் சக்கரம், 100/90 டயர், அதற்குத் தகுந்தாற்போல் சரிசெய்துகொள்ளும் வசதி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். சாக்கையும் தரையோடு போல்ட் போட்டு முடுக்க வேண்டும். சும்மா வைத்த சாக், பைக்கோடு சேர்ந்து தானும் நகரும்.

பெல்ட் விஷயத்துக்கு வருவோம். பெல்ட்டில் தைத்திருக்கும் லேபிளில் பெரும்பாலும் இரண்டு எண்கள் இருக்கும். பெரிய எழுத்தில் இருப்பது பெல்ட் அறுந்துபோகும் பாரம், விளம்பரத்தில் காட்டுவது அதைத்தான். நீங்கள் பார்க்க வேண்டியது வேலை செய்யும் பாரம், அதாவது பெல்ட்டை நம்பி ஏற்றக்கூடிய பாரம், அது முன்னதில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். 1,500 பவுண்டு என்று அட்டையில் போட்ட பெல்ட்டை 500 பவுண்டு பெல்ட் என்றே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பைக் பெட்ரோலோடு ஏறக்குறைய 480 பவுண்டு. நாலு பெல்ட்டும் ஒவ்வொன்றும் குறைந்தது அந்த 500 ரகமாக இருக்கட்டும், கூடுதலாக இரண்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கொக்கி திறந்த கொக்கியாக இல்லாமல், வாயை மூடும் தாழ் உள்ளதாகப் பாருங்கள். பெல்ட் ஒரு நொடி தளர்ந்தால்கூடத் திறந்த கொக்கி வளையத்திலிருந்து துள்ளி வெளியே வந்துவிடும்.

ராட்செட்டா, கேம் பக்கிளா என்று எல்லோரும் கேட்பார்கள். கேம் பக்கிள் என்றால் கையால் இழுத்து விட்டால் பல்லில் கடித்து நிற்கும் ரகம். இந்த எடையுள்ள வண்டிக்கு நான் கேம் பக்கிள்தான் சொல்வேன். ராட்செட்டில் இரும்புக் கைப்பிடி நமக்குப் பதில் இழுப்பதால் எவ்வளவு இறுக்குகிறோம் என்பதே கைக்குத் தெரியாது. முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கை அடிமட்டம் வரை அமுக்கிக் கட்டி 800 மைல் கொண்டுபோய், இறக்கும்போது ஃபோர்க் சீலில் ஆயில் வழிந்து நிற்கும் வண்டிகள் ஏராளம். ராட்செட்தான் கையில் இருக்கிறது என்றால் நிதானமாக, ஒரு பல் இந்தப் பக்கம், ஒரு பல் அந்தப் பக்கம் என்று போங்கள்.

எவ்வளவு அமுக்குவது? உங்கள் வண்டியின் முன் சஸ்பென்ஷன் மொத்தமே 110 மில்லிமீட்டர்தான் ஆடும். அதில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிக்குள், அதாவது 40 முதல் 50 மில்லிமீட்டர் அமுங்கினால் போதும். கண்மட்டத்தில் பார்த்துச் சொல்லாதீர்கள். சாக்கில் வண்டி நிற்கும்போது, பெல்ட் போடுவதற்கு முன், ஹேண்டில்பாரின் இடது நுனியிலிருந்து தரை வரை டேப் வைத்து அளந்து சுவரில் எழுதுங்கள், வலது நுனிக்கும் அப்படியே. கட்டி முடித்ததும் மறுபடி அளந்தால் எவ்வளவு அமுங்கியது என்றும் தெரியும், இரண்டு பக்கமும் சமமா என்றும் தெரியும். ஒரு பக்கம் விரற்கடை கூடுதலாக அமுங்கியிருந்தாலும் வண்டி அந்தப் பக்கம் இழுபட்டு நிற்கிறது என்று அர்த்தம். இந்த எண்ணை அழிக்காதீர்கள், வழியில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் இதே டேப்தான் உங்களுக்குப் பதில் சொல்லப்போகிறது.

முன் பெல்ட்டை ஹேண்டில்பாரின் கைப்பிடியில் மாட்டாதீர்கள், பார் வளையும், சுவிட்சும் வயரும் நசுங்கும். ஹெட்லைட்டுக்குப் பின்னால், ஃபோர்க்கின் இரண்டு கால்களையும் சேர்த்துப் பிடித்திருக்கும் கனமான கிளாம்ப் மேலே ஒன்று, கீழே ஒன்று இருக்கும். கீழே இருப்பதில், ஃபோர்க் காலை ஒட்டி, ஒரு மெத்தென்ற துணி வளையத்தைச் சுற்றிப் போட்டு அதில் கொக்கியை மாட்டுங்கள். கொக்கியின் இரும்பு பெயின்டிலும் குரோமிலும் படக்கூடாது என்பதற்காகத்தான் அந்த வளையம். போடும்போது விரலை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள், பிரேக் ஹோஸோ ஏபிஎஸ் வயரோ வளையத்துக்குள் மாட்டியிருக்கும். அதோடு சேர்த்து இறுக்கினால் டென்வர் போய் முதல் பிரேக் பிடிக்கும்போதுதான் தெரியும். பெல்ட் முன்னாலும் வெளியிலும் சாய்ந்து, ஏறக்குறைய 45 டிகிரியில் இறங்க வேண்டும். செங்குத்தாக இறங்கினால் பக்கவாட்டு ஆட்டத்தைத் தாங்காது.

பின் பெல்ட்டுகளின் வேலை வேறு. வண்டியை நிறுத்தி வைப்பது முன் இரண்டும் சாக்கும்தான். பின்னால் கட்டுவது, பின் சக்கரம் துள்ளிப் பக்கத்துக்கு நகராமல் இருக்க. பின் இருக்கைக்காரர் கால் வைக்கும் ஃபுட்ரெஸ்ட் பிராக்கெட் ஃபிரேமோடு சேரும் இடத்தில் வளையம் போட்டு, பின்னாலும் வெளியிலும் இழுத்து, முன்னதைவிடக் குறைவாக இறுக்கினால் போதும். சீட் கம்பியிலும் மட்கார்டிலும் இண்டிகேட்டர் தண்டிலும் மாட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அவர்களிடம் என்ன சொல்வது. உங்கள் வண்டியில் இரண்டு பக்கமும் சைலன்சர் நீண்டு போகும், பெல்ட் அதைத் தொடாமல் போகிறதா என்று பாருங்கள். ஏற்றியவுடனே கட்டுவதானால் சைலன்சர் ஆறும்வரை பொறுங்கள், சூட்டில் பெல்ட் உருகும்.

கட்டி முடித்ததும் மீதி பெல்ட்டைச் சுருட்டி முடிந்துவிட்டு, சீட்டைப் பிடித்து வண்டியைப் பலமாக ஆட்டுங்கள். பைக் தனியாக ஆடக்கூடாது, ட்ரெய்லரும் சேர்ந்து ஆட வேண்டும். முதல் கியரில் விடுங்கள். ஹேண்டில் லாக் போடாதீர்கள், லாக் போட்டால் முன் சக்கரம் ஒரு பக்கம் திரும்பிவிடும். கவர் போட்டு மூடவும் வேண்டாம். உள்ளே மழையா வருகிறது? 800 மைல் அதிர்வில் கவரும் அதற்கடியில் சிக்கிய தூசியும் சேர்ந்து டேங்க் பெயின்டைத் தேய்த்துத் தள்ளிவிடும்.

ஏற்றுவதைப் பற்றி இரண்டு வார்த்தை. ட்ரெய்லர் காரில் மாட்டியிருக்கும்போது மட்டும் ஏற்றுங்கள். ஒற்றை ஆக்ஸில் ட்ரெய்லரைத் தனியாக நிறுத்திப் பின்னால் ஏறினால், பைக்கும் நீங்களும் சேர்ந்த பாரத்தில் மூக்கு மேலே கிளம்பிவிடும். சமதரையில் நிறுத்தி, கார் ஹேண்ட் பிரேக் போட்டு, பின் மூலைகளில் ஜாக் இருந்தால் இறக்கி விடுங்கள். வண்டியில் உட்கார்ந்து ரேம்ப்பில் ஓட்டி ஏற்றும் சினிமா வேலை வேண்டாம், உள்ளே போனதும் கால் ஊன்ற இடமிருக்காது, தலை மேலே இடிக்கும். இடது பக்கம் நடந்தபடி, இன்ஜின் ஓட, முதல் கியரில் கிளட்ச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு ஏற்றுங்கள், வலது பக்கம் ஒருவர் கூட வரட்டும். பாதியில் நிற்க வேண்டி வந்தால் முன் பிரேக்கை நம்பாதீர்கள். மேட்டில் பாரமெல்லாம் பின் சக்கரத்துக்குப் போய்விடுவதால் முன் சக்கரம் பூட்டிக்கொண்டே பின்னால் வழுக்கும். கிளட்ச்சை விட்டு இன்ஜினை அணைத்துவிட்டால் கியர் பின் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். உள்ளே சேர்ந்ததும் உடனே ஆஃப், மூடிய பெட்டிக்குள் புகை நிமிடத்தில் சேரும்.

இப்போது வீட்டில் சொல்லும் யோசனை. ட்ரெய்லரின் நாக்கிலோ (காரோடு சேர முன்னால் நீண்டிருக்கும் சட்டம்) முன் சுவரிலோ ஒட்டியிருக்கும் தகட்டைப் பாருங்கள். இந்த அளவு ஒற்றை ஆக்ஸில் ட்ரெய்லர்களில் மொத்த எடை 2,990 பவுண்டு என்றுதான் பெரும்பாலும் இருக்கும். அதில் ட்ரெய்லரே 1,300 பக்கம் போய்விடும், பைக் 480, சாக், பெல்ட், கருவி என்று ஒரு நூறு. மிச்சம் 1,100. கார் 5,000 இழுக்கும் என்பதால் ட்ரெய்லர் 5,000 தாங்கும் என்று ஆகிவிடாது, எது குறைவோ அதுதான் கணக்கு. எண்ணைவிட முக்கியம், பாரம் எங்கே உட்காருகிறது என்பது. மொத்தத்தில் 60 சதவீதம் ஆக்ஸிலுக்கு முன்னால் இருக்க வேண்டும், காரின் பின்னால் ட்ரெய்லரை மாட்டும் ஹிட்ச்சில் இறங்கும் பாரம் ட்ரெய்லர் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம். 2,400 பவுண்டு ட்ரெய்லர் என்றால் 240 முதல் 360. பைக்கை முன்னால் நிறுத்திவிட்டு, மீதி ஐந்தடி காலியாகத்தானே இருக்கிறது என்று பின்னால் புத்தகமும் பாத்திரமும் அடுக்கினால் ஹிட்ச் பாரம் குறைந்து, ஹைவேயில் ட்ரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும்.

என் தீர்ப்பு இது: புத்தகங்களைத் தபால்காரரிடம் கொடுங்கள். அமெரிக்கத் தபால் துறையில் மீடியா மெயில் என்று புத்தகத்துக்கென்றே மலிவு விலை இருக்கிறது, பெட்டிக்கு 70 பவுண்டு வரை எடுத்துக்கொள்வார்கள். கிரைண்டரின் கல்லைத் தனியாக எடுத்துக் காரில் காலடியில் வையுங்கள். ட்ரெய்லருக்குள் கல் உருள ஆரம்பித்தால் இன்டர்செப்டரின் இன்ஜின் கவர் தாங்காது. அரிசி, பருப்பு, துணி, மெத்தை எதுவும் பைக்கோடு வேண்டவே வேண்டாம், மூடிய பெட்டியில் இரண்டு நாள் பெட்ரோல் வாசத்தில் ஊறிய சாம்பார்ப் பொடியை எந்தக் கடாயிலும் போட முடியாது. பாத்திரப் பெட்டிகளை மட்டும், ஆக்ஸிலுக்கு நேர் மேலே, தாழ்வாக, சுவரோடு தனிப் பெல்ட் போட்டுக் கட்டி, பைக்குக்கும் அவற்றுக்கும் நடுவில் ஒரு பிளைவுட் நிறுத்துங்கள். முழுவதும் ஏற்றியதும் ஏதாவது ட்ரக் ஸ்டாப்பில் கேட் ஸ்கேல் என்ற எடைமேடை இருக்கும், அதில் ஏற்றி எடை போட்டுச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் கால் டேங்க் போதும். தனியாக கேனில் பெட்ரோல் ஏற்றாதீர்கள். டல்லஸ் கடல்மட்டத்திலிருந்து 400 சொச்சம் அடி, நீங்கள் தாண்டப்போகும் ராட்டன் கணவாய் 7,834 அடி. மூடிய கேன் ஏற ஏற உப்பும், கசிந்தால் ஆவி வெளியேற வழியில்லை. ட்ரெய்லரில் பக்கத்துக் காற்றுத் துளைகள் இருந்தால் திறந்தே வையுங்கள். நிறுத்தத்தில் கதவைத் திறந்ததும் கொஞ்ச நேரம் காற்று போகவிட்டு அப்புறம் உள்ளே போங்கள். சிகரெட் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

கிளம்புவதற்கு முன் ஹிட்ச் பந்தின் அளவும், அதைக் கவ்வும் ட்ரெய்லர் கப்ளரில் பொறித்திருக்கும் அளவும் ஒன்றா என்று பாருங்கள். கப்ளரைப் பூட்டியபின் ட்ரெய்லர் நாக்கின் ஜாக்கைச் சுற்றி மேலே தூக்கினால் காரின் பின்பக்கமும் சேர்ந்து எழும்ப வேண்டும். கப்ளர் மட்டும் கிளம்பி வந்தால் அது பந்தைக் கவ்வவே இல்லை. பாதுகாப்புச் சங்கிலி இரண்டையும் நாக்குக்கு அடியில் குறுக்காகப் போடுங்கள். டயரின் பக்கச் சுவரில் டாட் என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நாலு எண்கள் அது பிறந்த வாரமும் வருடமும், 2318 என்றால் 2018இன் 23ஆவது வாரம். இரவல் ட்ரெய்லர்கள் ஓடுவதைவிட நிற்பதுதான் அதிகம், பூ தேயாமலே டயர் கெட்டுப்போயிருக்கும். ஆறு வருடம் தாண்டியிருந்தால் மாற்றுங்கள், செலவை நண்பரோடு பேசிக்கொள்ளுங்கள்.

முதல் நிறுத்தம் வாசலிலிருந்து 20 மைலுக்குள். உங்களுக்கு 380ஆம் நெடுஞ்சாலையில் மேற்கே போனால் டென்டன் வந்துவிடும், அங்கேயே நிறுத்துங்கள். பெல்ட் தளர்வதெல்லாம் இந்த முதல் துண்டில்தான், வளையங்கள் இறுகி உட்காரும், சஸ்பென்ஷன் தன் இடம் தேடிக்கொள்ளும். கதவைத் திறந்து, டேப் வைத்து அளந்து, சுவரில் எழுதிய எண்ணோடு ஒத்துப் பாருங்கள். சக்கர நட்டுகளையும் ஒரு முறை முடுக்கிப் பாருங்கள். அப்புறம் டெக்காட்டரில் 287ஆம் நெடுஞ்சாலை பிடித்து விச்சிட்டா ஃபால்ஸ், சில்ட்ரெஸ், அமரில்லோ என்று பெட்ரோல் போடும் இடமெல்லாம் இதே வேலை. இரண்டு நிமிடம்தான் ஆகும், பிள்ளைகள் பாத்ரூம் போய் வருவதற்குள் முடிந்துவிடும்.

வேகம் 60, மிஞ்சினால் 65. சாலையில் 75 என்று பலகை இருக்கும், அது உங்களுக்கு இல்லை. பழைய ட்ரெய்லர் டயர்கள் நிறைய 65 மைலுக்குத்தான் செய்யப்பட்டவை. அமரில்லோவைச் சுற்றிக் காற்று பெயர்போனது, உங்கள் ட்ரெய்லரின் ஒரு பக்கச் சுவர் மட்டுமே 70 சதுர அடிக்கு மேல். பலத்த காற்று எச்சரிக்கை வந்தால் ஓட்டலில் ஒரு நாள் கூடத் தங்குங்கள், புது ஆபீஸில் ஒரு நாள் தள்ளிச் சேர்ந்தால் ஒன்றும் ஆகாது. அதையும் மீறி வாலாட்டம் வந்தால் பிரேக்கை மிதிக்காதீர்கள், ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டாதீர்கள், நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரை மட்டும் விடுங்கள், வேகம் குறையக் குறைய அடங்கும். அடங்கியதும் ஓரங்கட்டி பாரத்தை முன்னால் நகர்த்துங்கள், அது மறுபடி வரும் வியாதி. டால்ஹார்ட், கிளேட்டன் வழியாக ராட்டன் போய் ஐ-25 ஏறினால் கணவாய். ஏறும்போது அவசரப்படாதீர்கள், ட்ரினிடாட் பக்கம் இறங்கும்போது கியரைக் குறைத்து இன்ஜினிலேயே பிடித்து இறக்குங்கள். கொலராடோ பக்கத்து நிலவரத்துக்கு சிஓட்ரிப் தளத்தைக் காலையிலேயே பாருங்கள்.

இரவு தங்குமிடத்தில் ட்ரெய்லரின் ரேம்ப் கதவு சுவரை ஒட்டி இருக்கும்படி ரிவர்ஸ் எடுத்து நிறுத்துங்கள், கப்ளருக்கு ஒரு பூட்டு போடுங்கள். மூடிய ட்ரெய்லருக்குள் என்ன இருக்கிறது என்று திருடனுக்குத் தெரியாது, ஆனால் ட்ரெய்லரையே இழுத்துக்கொண்டு போவது அவனுக்குச் சுலபம். இன்சூரன்ஸைப் பொறுத்தவரை, இழுக்கும் காரின் பாலிசி பொதுவாக உள்ளே இருக்கும் பைக்கின் சேதத்துக்குப் பொறுப்பேற்காது, அது பைக் பாலிசியின் விஷயம். ட்ரெய்லரில் கொண்டுபோகும்போது சேதமானால் உண்டா என்று ஏஜென்டிடம் ஈமெயிலில் கேட்டு, பதிலையும் ஈமெயிலிலேயே வாங்குங்கள்.

டென்வரில் இறக்கும்போது பின் பெல்ட்டுகளை முதலில் அவிழுங்கள். முன்னால் ஒரு பக்கத்தை மட்டும் முழுக்க விட்டுவிடாதீர்கள், அமுங்கியிருந்த ஃபோர்க் துள்ளி எழும்போது வண்டி மறுபக்கம் சாயும். ஒருவர் பிடித்துக்கொள்ள, இரண்டையும் மாற்றி மாற்றித் தளர்த்துங்கள். பின்னோக்கி ரேம்ப்பில் இறங்கும்போது இன்ஜின் ஆஃப், முதல் கியர், இடது கையில் கிளட்ச். விட்டால் நிற்கும், பிடித்தால் நகரும், அதுவே உங்கள் பின் பிரேக்.

நண்பரின் ட்ரெய்லர் கைக்கு வந்ததும் தரையின் மேல்பக்கம் ஒன்று, அடிப்பக்கம் ஒன்று, எடைத் தகடு ஒன்று என்று மூன்று படம் எடுத்து அனுப்புங்கள். வளையம் எங்கே போடலாம் என்று குறித்து அனுப்புகிறேன், அதற்கப்புறம் துளை போடலாம்.